மூன்றாவது வரிசைக்காரர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். சூட்டியவர் ஆசிரியர். வாரப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவளாக இருந்து, அந்தப் பத்திரிகை மூச்சை விட்டதும், அதே முதலாளி ஆரம்பித்த சினிமாச் செய்தித் தளத்துக்கு நாற்காலியோடு மாறி வந்தவள் அவள். நாற்காலியோடு என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. முதுகுக்குப் பழகிப்போன மரநாற்காலியைப் பழைய கட்டடத்திலிருந்து தானே தூக்கிக்கொண்டு வந்து, புது இடத்தில் ஜன்னலோரமாகப் போட்டு உட்கார்ந்தாள். சக்கர நாற்காலிகளில் உருண்டுகொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

தளத்தில் ஒரு செய்தி ஏறியதும் அதன் கீழே வாசகர்கள் கருத்து எழுதுவார்கள். அது நேரே வெளியே போய்விடாது. முதலில் அவளுடைய திரையில் வந்து வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பொத்தான்கள். பச்சையைத் தட்டினால் ஊர் படிக்கும். சிவப்பைத் தட்டினால் குப்பை. மஞ்சளைத் தட்டினால் அங்கேயே ஆறிக் கிடக்கும். கெட்ட வார்த்தையை வடிகட்டினால் போதும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் எழுத்துப் பிழை பார்த்த கண்ணுக்கு, கொஞ்ச நாளில் பொய்யும் உறுத்தத் தொடங்கியது.

ஒரு நடிகைக்குக் கல்யாணம் என்று செய்தி போட்டால், காபி ஆறுவதற்குள் “மாப்பிள்ளை எங்கள் தெரு” என்று ஒருவர் வந்து நிற்பார். அவருக்குப் பின்னாலேயே “மாப்பிள்ளை எங்கள் தெரு” என்று வேறு ஊரிலிருந்து இன்னொருவர் வருவார். ஒரு படத்தை ஆகா ஓகோ என்று பத்துப் பேர் புகழ்ந்திருப்பார்கள். பத்துப் பேருமே ‘பின்னணி இசை’யை ‘பின்னனி இசை’ என்று எழுதியிருப்பார்கள். “முகம்தான் பத்து, விரல் ஒண்ணுதான்” என்று சொல்லிக்கொண்டே அவள் சிவப்பைத் தட்டிக்கொண்டு போவாள்.

பக்கத்து மேசையில் செய்தி எழுதும் பெண் ஒருநாள் கேட்டாள். “எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க? எனக்கு எல்லாம் உண்மை மாதிரியே இருக்கு.”

“பொய் சொல்றவன் கதையை மட்டும் சொல்வான். நேர்ல பார்த்தவன் யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான். ஏசி வேலை செய்யல, முன்னாடி உட்கார்ந்தவன் உயரம், பார்க்கிங்ல சண்டை, இப்படி. நீ கேட்டியா? கேட்கல. ஆனா அவனுக்கு அது மனசுல இருக்கு, வந்து விழுந்துடும்.”

அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டாள். சல்லடைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல வந்து சேர்ந்தவர்தான் ‘மூன்றாவது வரிசை’. வாசகர் ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. புதுப் படம் வந்தால் இரண்டொரு நாளில் அவருடைய கருத்து வந்துவிடும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய திரையரங்கில்தான் அவர் எப்போதும் பார்ப்பார். இடப்பக்கத்து மின்விசிறி கிறீச்சிடுவதை எழுதுவார். டிக்கெட் கிழிப்பவர் இருமிக்கொண்டே கிழிப்பதை எழுதுவார். சாய்ந்தால் பின்னால் மடங்கிவிடும் ஓர் இருக்கையில் யாரோ புது ஆள் போய் உட்கார்ந்து மல்லாந்ததை எழுதுவார். நடுவில் படத்தைப் பற்றியும் நாலு வரி இருக்கும். அதுவும் அலாதி. “கதாநாயகன் ஒருவனே எல்லாப் பாரத்தையும் தூக்குகிறான், மறுபக்கம் எடை கட்ட ஆளில்லை” என்று ஒரு படத்துக்கு எழுதியிருந்தார். “இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட், கதவைத் திறந்தால் சுவர்தான் தெரிகிறது” என்று இன்னொன்றுக்கு.

சல்லடை அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். அந்த மின்விசிறியை அவளுக்குத் தெரியும். மடங்கும் இருக்கையையும் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுடைய வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்துதான் மல்லாந்தார். இந்த மனிதர் எழுதுவது அத்தனையும் நிஜம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

“சார், இவர் ஒருத்தர் எழுதுறதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்” என்று ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

ஆசிரியர் காற்றடித்தால் பாய் விரிக்கிற ரகம். அன்றே ‘அரங்கத்திலிருந்து’ என்று ஒரு பெட்டி முளைத்தது. விமர்சனத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் பின்னணியில், மூன்றாவது வரிசைக்காரர் எழுதுவது அப்படியே வரும். வாசகர்கள் விமர்சனத்தை விட்டுவிட்டுப் பெட்டியைப் படிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தச் சின்னப் படம் வந்தது. ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படம். மூன்றாவது வரிசைக்காரர் எழுதினார்: “சனிக்கிழமை மாலைக் காட்சி பார்த்தேன். இடைவேளையில் எழுந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. டிக்கெட் கிழிப்பவரே இருமலை மறந்து வேடிக்கை பார்த்தார். இரண்டாம் பாதியில் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.”

சல்லடை பச்சையைத் தட்டினாள். ஆசிரியர் அதைப் பெட்டிக்குள் வைப்பதோடு நிற்காமல் தலைப்புக்கே தூக்கினார்: ‘இடைவேளையில் பாதி அரங்கம் காலி!’ அந்தத் தலைப்பை மற்றத் தளங்களும் எடுத்துப் போட்டன. பார்க்காதவர்கள்கூட “ஆமாம், எங்கள் ஊரிலும் அப்படித்தான்” என்று எழுதினார்கள். திரையரங்குகள் ஒவ்வொன்றாகக் காட்சிகளைக் குறைத்தன.

வாரத்தின் நடுவில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பதைத் தாண்டியவள், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. அந்தப் படத்தின் படத்தொகுப்பாளர் என்று சொல்லிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. ஆசிரியரின் மேசைக்கு எதிரே நின்றபடியே பேசினாள்.

“சனிக்கிழமை சாயங்காலம் அவர் எப்பவும் பார்க்கிற அந்தத் தியேட்டர்ல எங்க படமே ஓடல சார். மேல தண்ணி ஒழுகுதுன்னு அந்த ஸ்கிரீனை மத்தியானமே மூடிட்டாங்க. டிக்கெட் எடுத்தவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்காங்க. ஓடாத காட்சியில யாரு எழுந்து போனாங்க?”

“அது வாசகர் கருத்தும்மா. ‘கருத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ன்னு கீழே போட்டிருக்கோம் பாருங்க.”

“கீழே சின்னதாப் போட்டிருக்கீங்க. மேலே பெரிசாப் போட்டிருக்கீங்களே, அதுக்கு யாரு பொறுப்பு?”

ஆசிரியர் சல்லடையைப் பார்த்தார். சல்லடை எழுந்து வந்தாள். “அவர் ரொம்ப நாளா எழுதுறவர். பொய் சொல்ற ஆள் இல்லைங்க. நாள் ஏதாவது மாறிப்போயிருக்கலாம்” என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது அவளுக்கே கேட்டது.

“போய் விசாரிச்சுப் பாருங்க. எனக்கு மன்னிப்பு எல்லாம் வேணாம். தலைப்பை எடுத்தாப் போதும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். கொடுத்த தண்ணீரைத் தொடக்கூட இல்லை.

மாலை வீட்டுக்குப் போகிற வழியில் சல்லடை பேருந்து நிலையத்தில் இறங்கி, பின்புறத் தெருவுக்கு நடந்தாள். அந்தப் பக்கம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. வேலையே சினிமா என்றான பிறகு சினிமாவுக்குப் போவது நின்றுபோயிருந்தது. வாசலில் பழைய இரும்புக் கதவைக் காணோம். கண்ணாடிக் கதவு, அது தானாகவே விலகி வழிவிட்டது. உள்ளே குளிர்ந்தது. ஒரே அரங்கத்தை நாலாகப் பிரித்திருந்தார்கள். டிக்கெட்டைக் கிழிக்க ஆளே கிடையாது. போனைக் காட்டினால் ஓர் இயந்திரம் பீப் என்றது.

சீருடை போட்ட பையன் ஒருவனிடம் கேட்டாள். “தம்பி, இங்க ஒருத்தர் இருமிக்கிட்டே டிக்கெட் கிழிப்பாரே…”

“தெரியலியே மேடம். நான் சேர்ந்ததிலிருந்து இந்த மிஷின்தான்.”

“உள்ளே ஃபேன் இருக்குல்ல, கிறீச் கிறீச்சுனு?”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “ஃபேனா? எல்லாம் ஏசி மேடம். சீட்டெல்லாம் படுக்குற மாதிரி போட்டாச்சு.”

சனிக்கிழமை ஒழுகியது உண்மைதான் என்றும் சொன்னான். வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தவனே அவன்தான்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வந்தாள். மூன்றாவது வரிசைக்காரர் சொன்ன மின்விசிறி, இருமல், மடங்கும் இருக்கை எல்லாமே நிஜம்தான். நிஜமாக இருந்தது எப்போது என்பதுதான் விஷயம். தன் ஞாபகத்தோடு ஒத்துப்போனதை உண்மை என்று நம்பிவிட்டாள். அவருக்கும் வயது, அவளுக்கும் வயது. இரண்டு பேரும் இப்போது இல்லாத ஓர் அரங்கத்துக்குள் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முகத்தில் யாரோ தண்ணீரை வீசியது போலிருந்தது.

யார் இந்த மனிதர் என்பது ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தெரிந்தது.

அவளுடைய அக்கா, அவள் குடியிருக்கும் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். இவள் வீடு முதல் மாடி. அக்காவுக்கு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுக்குள் தலைகீழாகத் தொங்கியவர், ஒரு நாள் வீட்டில் பல்பு மாற்றப்போய் ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்து கோல் ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். மாடிப்படி மட்டும் ஆகவில்லை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. “ஆண்டவன் எனக்குன்னு பார்த்துக் கட்டியிருக்கான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அக்கா வேலைக்குப் போய்விட்டால் அவருக்குத் துணை கைபேசிதான்.

அன்று சல்லடையின் வீட்டுக்காரர் அலுவலக மேலாளரைப் பற்றி ஏதோ ஒரு கதையை ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, எதற்காக ஆரம்பித்தோம் என்பதையே மறந்து நின்றார்.

அத்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “இது ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட். கதவைத் திறந்தா சுவருதான் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சல்லடையின் கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

“என்னடி?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல. கை வழுக்கிடுச்சு.”

மறுநாள் அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அத்தான் ஜன்னலருகே சாய்வு நாற்காலியில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியைக் கண்ணுக்கு ஒட்டினாற்போலப் பிடித்திருந்தார்.

“வாம்மா. என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல அத்தான். நீங்க கடைசியா தியேட்டருக்குப் போனது எப்போ?”

“ஏன் கேக்குறே? இடுப்பு போறதுக்கு முன்னாடி. அதுக்கும் முன்னாடியே நின்னுபோச்சு, வேலை அப்படி.”

“அப்புறம் சனிக்கிழமை சாயங்காலக் காட்சிக்கு யாரு போனா? மூணாவது வரிசையில?”

கைபேசி மெல்லக் கீழே இறங்கியது. முதலில் புரியாதது போல முழித்தார். பிறகு, “எது?” என்றார். அவர் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்கதானே லிஃப்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில நிறுத்தினீங்க.”

“ச்சே” என்றார் அத்தான். அதில் வருத்தத்தைவிட, வேலையில் ஒரு திருகை முடுக்க மறந்துவிட்ட மெக்கானிக்கின் எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

அப்புறம் அவரே சொன்னார். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாராம். டிரைலரைப் பார்ப்பார், நாலு இடத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார், தன் ஞாபகத்திலிருக்கும் அரங்கத்தை அதோடு சேர்த்து எழுதுவார். யாரும் கேள்வி கேட்கவில்லை. “சரியாகச் சொன்னீர்கள் ஐயா” என்று முன்பின் தெரியாதவர்கள் பதில் போட்டார்கள். பெட்டி கட்டி, மஞ்சள் அடித்து, அவர் பெயரைப் போட்டார்கள். எழுதி முடித்துக் கைபேசியை வைக்கும்போது, நிஜமாகவே ஒரு படம் பார்த்துவிட்டு வெயிலில் வெளியே வந்து நிற்கிற மாதிரி இருக்குமாம்.

“அது என் தளம்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். நீ படிப்பேன்னுதான் கொஞ்சம் கவனமா எழுதினேன். உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்.”

பிடித்திருந்தது என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “சரி. எழுதினீங்க. அந்த ரயில்வே கேட் படம் உங்களை என்ன பண்ணிச்சு? ஏன் அப்படி எழுதினீங்க?”

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “தொடர்ந்து நாலஞ்சு படத்தை நல்லாயிருக்குன்னு எழுதிட்டேம்மா. கீழே ஒருத்தன் வந்து ‘எவ்வளவு வாங்கினே’ன்னு கேட்டான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கேட்டாங்க. எல்லாத்தையும் பாராட்டினா கூலிக்கு எழுதுறவன்கிறாங்க. ஒண்ணையாவது திட்டினாத்தானே நம்புவாங்க?”

“அதுக்கு?”

“பெரிய ஹீரோ படத்தைத் திட்டினா ரசிகனுங்க வீடு தேடி வந்துடுவானுங்க. இது சின்னப் படம். கேக்க நாதியில்லை. அதனால…”

முடிக்கவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“கேக்க நாதி இருக்கு அத்தான். ஆபீசுக்கு வந்து நின்னா. தண்ணிகூடக் குடிக்காம போனா” என்றாள் சல்லடை. கதவைச் சாத்தாமலேயே இறங்கிப் போனாள்.

அலுவலகத்தில் ஆசிரியரிடம் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம், இரவல் பெயருக்குப் பின்னால் யார் இருந்தால் யாருக்கென்ன? ஆனால் நம்பலாம் என்று கைகாட்டியவள் அவள். “சார், அந்த மூன்றாவது வரிசைக்காரர் எங்க அக்கா வீட்டுக்காரர். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர். எந்தப் படத்தையும் பார்க்கல” என்றாள்.

ஆசிரியர் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “வெளியே சொல்லாதே. பெட்டியைச் சத்தமில்லாம எடுத்துடலாம். நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?”

“திருத்தம் போடணும் சார். அந்தக் காட்சி நடக்கவே இல்லைன்னு.”

“வாசகர் கருத்துக்கு எவனாவது திருத்தம் போடுவானா?”

“பத்திரிகையில ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னாலே மறுவாரம் வருந்துகிறோம்னு போட்டோமே. தலைப்பு அவர் வெச்சதில்லை சார். நாம வெச்சது. நம்பலாம்னு சொன்னது நான். என் பேரைப் போட்டுக்கூடப் போடுங்க.”

அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. பெயரெல்லாம் வேண்டாம் என்றார். தலைப்பு நீக்கப்பட்டது. பக்கத்தின் அடியில் ஒரு திருத்தம் வந்தது. அன்று மாலையே படத்தொகுப்பாளரிடமிருந்து தொலைபேசி வந்தது.

“திருத்தம் பார்த்தேன். ரொம்பப் பொடி எழுத்துல போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“தலைப்பு எவ்வளவு பெரிசா இருந்துச்சு!”

“ஆமாங்க” என்றாள் சல்லடை.

“இன்னும் ஒரே ஒரு தியேட்டர்ல காலைக் காட்சி மட்டும் ஓடுது. வியாழக்கிழமை வரைக்கும். அந்த மனுஷன் யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். ஒரு தடவை பார்த்துட்டுத் திட்டச் சொல்லுங்க. பார்த்துட்டுத் திட்டினா நான் ஏத்துக்குவேன்.”

புதன்கிழமை காலை, அக்கா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, சல்லடையும் வீட்டுக்காரரும் எதிர்வீட்டு மின்வாரியக்காரரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மூன்றாவது மாடிக்குப் போனார்கள். அத்தான் முரண்டு பிடித்தார். சட்டை சரியில்லை என்றார், சளி பிடித்திருக்கிறது என்றார். சல்லடை அலமாரியைத் திறந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மடியில் போட்டாள். அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நாற்காலியோடு இறக்கினார்கள். திருப்பத்தில் மின்வாரியக்காரருக்குக் கை நழுவி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. “ஐயா, மெதுவா! ஆயுசு பூரா அடுத்தவனை அலுங்காம இறக்கினவன் நான்!” என்று அத்தான் அலறினார். முதல் மாடி வந்ததும் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். “சகலை, மூணு வேளையும் உட்கார்ந்த இடத்துல சாப்பாடுன்னா இப்படித்தான்” என்றார். தெருவுக்கு வந்ததும் அத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். முக்கில் இருந்த பேக்கரி மருந்துக்கடையாக மாறியிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அரங்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். சல்லடை அவரை ஓரத்து இருக்கையில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். விளக்கு அணைந்தது.

படம் மெதுவாகத்தான் போனது. கேட்டை மூடுகிறாள், திறக்கிறாள், வண்டிக்காரர்களிடம் ஏச்சு வாங்குகிறாள், வீட்டுக்குப் போகிறாள். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இடைவேளையில், முன்னால் உட்கார்ந்திருந்த குண்டு மனிதர் ஒருவர் எழுந்து வெளியே போனார். அத்தான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மறுபடி அணைந்தும் அந்த ஆள் வரவில்லை. அத்தான் சல்லடையின் முழங்கையைப் பிடித்தார். “போயிட்டானா?”

“எனக்கென்ன தெரியும் அத்தான்?”

கதவு திறந்தது. இரண்டு கையிலும் பாப்கார்னோடு குண்டு மனிதர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அத்தான் முழங்கையை விட்டார்.

இரண்டாம் பாதியில் ஒரு சரக்கு ரயில் போகிறது. முழுசாகப் போகிறது. “இத்தனை பெட்டியையும் காட்டணுமா?” என்று அத்தான் முணுமுணுத்தார். ஆனால் ரயில் போன பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேட்காரப் பெண் தேடிய ஆள் இல்லாதபோது, அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சும் வாயும் கடைசிவரை ஒன்றாகத்தான் இருந்தன.

அன்று பிற்பகல் சல்லடையின் திரையில் அந்தக் கருத்து வந்து நின்றது.

“இந்தப் படத்தைப் பார்க்காமலேயே பார்த்ததாக முன்பு எழுதினேன். அது பொய். மற்றப் படங்களும் அப்படித்தான். இன்று பார்த்தேன். நாயகியின் நடிப்பு நன்று. சரக்கு ரயில் நீளம். பாதிப் பெட்டியைக் கழற்றியிருக்கலாம். இடைவேளையில் ஒருவர் எழுந்து போனார், திரும்பி வந்தார். என்னால் இந்தப் படத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு வருந்துகிறேன்.”

அவள் விரல் பொத்தான் மேல் நின்றது. சொந்தக்காரர் எழுத்துக்குத் தானே பச்சை காட்டுவது சரியில்லை என்று தோன்றியது. பக்கத்து மேசைப் பெண்ணை அழைத்தாள். “இதை நீ படிச்சுப் பாரு. உனக்கு நம்பத் தோணுதா?”

அந்தப் பெண் இரண்டு முறை படித்தாள். “தெரியலக்கா. முன்னாடி எழுதினதையும் நம்பினேனே” என்றாள். பிறகு தானே பச்சையைத் தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. முதல் பதிலே “எவ்வளவு வாங்கினாய்?” என்பதுதான். படக்குழு மிரட்டி எழுத வைத்துவிட்டது என்று ஒருவர் துப்பறிந்திருந்தார். பார்க்காமல் எழுதியபோது நம்பிய அத்தனை பேரும் பார்த்துவிட்டு எழுதியபோது சந்தேகப்பட்டார்கள். அத்தான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. வியாழக்கிழமையோடு அந்தப் படம் போய்விட்டது. படத்தொகுப்பாளர் ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினாள்: “ரயில் நீளம்னு நானும் டைரக்டர்கிட்ட சொன்னேன், கேட்கல.”

சல்லடை அதற்குப் பிறகு வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். பார்த்தேன், இருந்தேன், தெரியும் என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் எந்தக் காட்சி, எந்த அரங்கம், எப்படித் தெரியும் என்று ஒரு வரி கேட்டு அனுப்புவாள். பாதிப் பேர் அதோடு காணாமல் போனார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அதையும் அரங்கத்துக்குத் தொலைபேசி போட்டுச் சரிபார்த்தாள். கருத்துகள் குறைந்துவிட்டன என்று முதலாளி வருத்தப்பட்டதாக ஆசிரியர் சொன்னார். அவரும் பெரிதாக ஒன்றும் வற்புறுத்தவில்லை. சில மாதம் கழித்து வேறு பெயரில் ஒரு பெட்டியை ஆரம்பிக்கலாமா என்று இழுத்தார். “ஆரம்பிங்க சார். ஆனா யாரையும் நம்பலாம்னு நான் சொல்ல மாட்டேன்” என்றாள்.

படம் பார்த்த அந்த வாரமே அக்காவுக்கு விஷயம் எட்டியிருந்தது, மின்வாரியக்காரரின் மனைவி வழியாக. அன்று மாலை மருத்துவமனையிலிருந்து நேராக முதல் மாடிக்கே வந்து கதவைத் தட்டினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏய், அவரைத் தூக்கிட்டு சினிமாவுக்குப் போனீங்களாமே?”

சல்லடை பயந்துதான் போனாள். பொய், பெட்டி, படத்தொகுப்பாளர் என்று எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். அக்கா முழுவதையும் கேட்டாள்.

“அவரு அளக்குறது எனக்குப் புதுசா? கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட அளந்ததைவிடவா?” என்றாள். “அது கிடக்கட்டும். என்னை ஏன்டி கூப்பிடலை? நான் படம் பார்த்து எத்தனை வருஷமாச்சுன்னு யாராவது யோசிச்சீங்களா? அவருக்கு இடுப்பு உடைஞ்சுது, எனக்கென்ன உடைஞ்சுது?”

அடுத்த மாதம் மறுபடி நாற்காலி இறங்கியது. இந்த முறை படத்தைத் தேர்ந்தெடுத்தது அக்கா. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அடிதடி. அக்கா கைதட்டிப் பார்த்தாள். அத்தானுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதை அவர் இதுவரை எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் அக்கா படிப்பாள்.